ஒன்பதாம் கட்டம்

இதை எழுதத் துணிந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பள்ளி நாட்களில் கட்டுரைப் போட்டி ஒன்றில் இரண்டாம் பரிசு பெற்றதோடு சரி. அதன் பின்னர் பிறர் எழுதியதைக் கணினியில் ஏற்றுவதே என் பிழைப்பாக இருந்து வருகிறது. நான் சொல்லவிருக்கும் செய்தி நாலு பேர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லத் தக்கதன்று என்றே வளர்க்கப்பட்டேன். ஆகவே வாசிப்பவர் எவரேனும் முகம் சுளித்தால் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சுளிப்பை நானே பதினைந்து ஆண்டுகளாக என் முகத்தில் சுமந்தவள்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆவணப் பிரிவில் பணிபுரிகிறேன். தரைத்தளத்திற்கும் கீழே, பகலிலும் குழல் விளக்கு எரியும் நீண்ட அறை அது. இரும்பு அடுக்குகளில் கூரைவரை கோப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நிறப் பட்டை: பிரசவத்திற்கு மஞ்சள், அறுவைக்குச் சிவப்பு, பெண்கள் பிரிவுப் புறநோயாளிகளுக்கு இளநீலம். அறையின் முகப்பில் கம்பி போட்ட கவுண்டர். மேலே மருத்துவரைப் பார்த்துவிட்டு வருபவர்கள் தங்கள் படிவத்தை அந்தக் கம்பிக்கு அடியில் நீட்டுவார்கள். நான் வாங்கிக் கணினியில் ஏற்றி, ரசீது கொடுப்பேன்.

படிவத்தில் பதினான்கு கட்டங்கள். ஒன்பதாவது கட்டம் குடும்ப வரலாறு. 'இரத்த உறவினர் எவருக்கேனும் இதே நோய் இருந்ததுண்டா?' என்பது கேள்வி. பெரும்பாலும் அது வெறுமையாகவே வரும். ஆனால் வெறுமையைக் கணினி ஏற்காது. சிவப்பு நட்சத்திரம் ஒன்றைக் காட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். ஆம், இல்லை, தெரியவில்லை என்னும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'தெரியவில்லை' என்று அழுத்தினாலோ இன்னொரு பக்கம் திறக்கும். ஏன் தெரியவில்லை, யாரிடம் கேட்கப்பட்டது, எப்போது மீண்டும் கேட்கப்படும் என்று நான்கு வரி கேட்கும்.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் பிரிவின் தலைவர் எனக்கு வழி காட்டிவிட்டார். எந்தக் காகிதம் கண்ணில் பட்டாலும் ஒரு குத்து குத்திவிடுவார் என்பதால் முத்திரை சார் என்பது அவர் பெயர்.

"இல்லைன்னு போட்டா ஒரு தட்டு. தெரியலைன்னு போட்டா ஒரு வீட்டுப்பாடம். ஒரு நாளைக்கு நூத்தி இருபது படிவம் வருது. உனக்கு எது வசதின்னு நீயே பாத்துக்கம்மா."

நான் தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள்.

இப்போது என்னைப் பற்றிக் கூற வேண்டியிருக்கிறது. இருபத்தோரு வயது முதலே எனக்கு அந்த உபாதை உண்டு. பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல், திரிந்த தயிர் போன்ற வெள்ளைப்படுதல். மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவினால் பத்து நாளில் அடங்கும். இரண்டு மாதத்தில் மீண்டும் வரும். களிம்பு வாங்குவதற்காக மூன்று பேருந்து நிறுத்தங்கள் தள்ளி, என்னைத் தெரியாத கடைக்குச் செல்வேன். மருத்துவமனையிலேயே வேலை பார்த்தும் மாடிப்படி ஏறி ஒரு மருத்துவரிடம் காட்டியதில்லை. என் படிவம் என் அறைக்கே, என் பக்கத்து நாற்காலிக்காரர் கைக்கே வந்து சேருமே என்ற அச்சம். உள்ளாடைகளைத் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயவைப்பேன். ஒரே வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பெண்கள். கொடியில் எப்போதும் துண்டுகள் தடிமனாகவே தொங்கின. மூன்று பேருமே ஏன் துண்டுக்கு அடியில் மறைக்கிறோம் என்று எங்களில் ஒருவரும் மற்றவரைக் கேட்டதில்லை.

என் அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். திருமணமாகி மூன்றாவது ஆண்டில் அவளுக்கு இதே தொல்லை அடிக்கடி வரத் தொடங்கிற்று. ஓர் ஆண்டிலேயே நான்காம் முறை அவளை எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தவர் அவளுடைய மாமியார். அன்றைய மருத்துவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் கட்டத்தை வீட்டில் கேட்டு நிரப்பச் சொல்லியிருக்கிறார். அக்கா படியிறங்க முடியாமல் மேலே பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, மாமியார் மட்டும் படிவத்தோடு என் கவுண்டருக்கு வந்தார்.

"நல்லவேளை, நீயே இருக்க. இந்தக் கட்டத்தை நிரப்பணுமாம். உங்க வீட்டுல யாருக்காச்சும் இது உண்டா? உங்கம்மாவுக்கு? உனக்கு?"

அவருக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் முத்திரை சார் காது கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் திருமணத்திற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்று காலையில்கூட களிம்பு தடவிக்கொண்டுதான் வேலைக்கு வந்திருந்தேன். நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்தே அமர்ந்திருந்தேன்.

"சேச்சே, எங்க வீட்ல அப்படி யாருக்கும் இல்லைங்க அத்தை," என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ ஆஸ்பத்திரிப் பொண்ணு, உனக்குத் தெரியாம இருக்காது."

"யாருக்கும் இல்லைங்க."

ஒரு தட்டு தட்டினேன். சிவப்பு நட்சத்திரம் மறைந்தது. ரசீதை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"வீட்டுல இல்லைன்னா, அப்ப இது வெளியில இருந்து வந்ததுதானே?"

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "அடுத்தவங்க வாங்க," என்று வரிசையைப் பார்த்துச் சொன்னேன். மிகுந்த மரியாதையோடுதான் சொன்னேன்.

அதற்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே கூறுகிறேன். வெளியிலிருந்து வந்தது என்றால் யாரிடமிருந்து என்ற கேள்வி அந்த வீட்டிற்குள் நுழைந்தது. மாமியார் அக்காவைச் சந்தேகித்தார். அக்கா அத்தானைச் சந்தேகித்தாள். ஏழு மாதம் கழித்து அக்கா இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். நான் அதற்குள் திருமணமாகிச் சென்றிருந்தேன். எனக்கு வாய்த்தவர் நல்ல மனிதர். உபாதை மிகும் இரவுகளில் நான் சொல்லும் தலைவலிகளை எல்லாம் நம்புபவர். அக்காவைப் பற்றி என் புகுந்த வீட்டில் பேச்சு எழுந்தபோதெல்லாம் நான் தலை குனிந்துகொண்டேன். தமக்கைக்காக வருந்துகிறாள் என்று அவர்கள் எண்ணினார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அம்மா காலமானார். அவருடைய அலமாரியைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என்னுடையதாயிற்று. போர்வைகளுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள், வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டு வரை பிதுக்கப்பட்ட ஏழு களிம்புக் குழாய்கள். நான் வாங்கும் அதே களிம்பு. கூடவே பாதி தீர்ந்த கிருமிநாசினிப் புட்டி. உடம்புச் சூடு என்று சொல்லிக்கொண்டு அம்மா ஏன் அத்தனை நேரம் குளியலறையில் இருந்தார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அக்கா அடுத்த அறையில் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது சத்தம்?" என்று கேட்டாள்.

"பழைய டப்பாக்கா. ஒண்ணும் இல்லை," என்றேன். இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றி, எங்கள் தெருக் குப்பைத் தொட்டியில் போடாமல், அடுத்த தெருவரை நடந்து சென்று போட்டேன்.

சென்ற ஆண்டு எங்கள் பெண்கள் பிரிவிற்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். வந்த இரண்டாம் மாதமே எங்கள் அறைக்கு இறங்கி வந்து, கையில் ஒரு பட்டியலோடு முத்திரை சாரின் மேசை முன் நின்றார்.

"சார், இந்த அறுபத்து மூணு பேருக்கும் வருஷத்துக்கு மூணு தடவை, நாலு தடவை பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருது. சர்க்கரை கிடையாது. வேற மருந்து எதுவும் எடுக்கல. அதனால குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு பாக்கலாம்னு கோப்பை எடுத்தேன். அறுபத்து மூணுலயும் இல்லைன்னு இருக்கு."

"அப்ப இல்லைதான் டாக்டர்," என்றார் முத்திரை சார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"கம்ப்யூட்டர் சொல்லாது. நான் நேத்து அதுல பத்து பேரைக் கூப்பிட்டு நேர்ல கேட்டேன். நாலு பேர் அம்மாவுக்கு இருந்துச்சுங்கறாங்க. ரெண்டு பேர் அக்கா தங்கச்சிக்கு இருக்குங்கறாங்க. எங்ககிட்ட இதை யாருமே கேக்கலையேன்னு வேற சொல்றாங்க."

முத்திரை சார் மேசை மேலிருந்த முத்திரையை எடுத்தார்; குத்துவதற்கு எதுவும் இல்லாமல் மீண்டும் வைத்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டியலில் இருந்த எண்களில் பாதிக்கு மேல் என் பதிவு எண்ணோடு ஏற்றப்பட்டவை என்பது எனக்குத் தெரியும்.

அன்று மதியம் மாடிப்படி ஏறினேன். பதினைந்து ஆண்டுகளில் முதல் தடவை. டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, 'ஒரு சந்தேகம், பொதுவாகத்தான் கேட்கிறேன்' என்று தொடங்கினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பொதுவாவே சொல்றேன், கேளுங்க. இந்தப் பூஞ்சை நிறையப் பேர் உடம்புல சும்மாவே இருக்கும். வெளியில இருந்து ஒருத்தர் கொண்டுவந்து குடுக்கணும்னு இல்லை. இதை அடையாளம் கண்டுபிடிச்சு அடக்கி வைக்கற காவல் ஒண்ணு நம்ம உடம்புலயே இருக்கு. அந்தக் காவல் எப்படி நடக்கணும்ங்கற குறிப்பு மரபணுவுல இருக்கு. சிலருக்கு அந்தக் குறிப்புல சின்னச் சின்ன மாற்றம். பூஞ்சையைப் பாத்தும் பாக்காத மாதிரி விட்டுடும். இல்லைன்னா கொஞ்சத்துக்கே ஊரைக் கூட்டி எரிச்சலை உண்டாக்கிடும். அந்த மாற்றம் அம்மாகிட்ட இருந்தும் வரலாம், அப்பாகிட்ட இருந்தும் வரலாம்."

"அப்படின்னா... ஒழுக்கத்துக்கும் இதுக்கும்..."

"சம்பந்தமே இல்லை. ஆனா மரபணு மட்டுமே காரணம்னும் நான் சொல்ல மாட்டேன். ஒரு மரபணு இல்லை, பல இருக்கு. ஆராய்ச்சி இன்னும் நடக்குது. ரத்தத்தைப் பாத்து இதுதான்னு இன்னைக்கே அடிச்சுச் சொல்ல முடியாது. அதனாலதான் அம்மா, அக்கா, தங்கச்சின்னு ஒரே குடும்பத்துல ரெண்டு பேராவது வேணும்ங்கறேன்." பிறகு, "உங்க வீட்ல யார் யாருக்கு?" என்று கேட்டார்.

அதே கேள்வி. இந்த முறை கேட்டவருக்குப் பின்னால் வரிசை இல்லை. "எனக்கு. அக்காவுக்கு. அம்மாவுக்கு," என்றேன்.

"அக்கா மருந்து எடுக்கறாங்களா?"

"தெரியலைங்க."

"முதல்ல கூட்டிட்டு வாங்க. ஆராய்ச்சி கிடக்கட்டும். அவங்க எத்தனை வருஷமா இதோட இருக்காங்களோ."

அக்காவை அழைத்து வருவதென்றால் அவளிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் கூட்டிவர ஏதேனும் வழியுண்டா என்று பத்து நாட்கள் யோசித்தேன் என்பதையும் ஒளிக்காமல் இங்கே எழுதிவிடுகிறேன்.

அக்கா ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். பள்ளிச் சீருடைகளே அவள் தொழில். நான் சென்றபோது ஒரு தாயார் கால்சட்டை ஒன்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ரெண்டு இஞ்ச் நீளமா இருக்கே?"

"உங்க பையன் வளரவே மாட்டான்னா சொல்லுங்க, இப்பவே வெட்டிடறேன்," என்றாள் அக்கா. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே மடித்து எடுத்துச் சென்றார். அக்காவின் பார்வை என் பக்கம் திரும்பியது.

"வாங்க, ஆபீசர் அம்மா. என்ன, வழி தவறி வந்துட்டீங்களா?"

"சும்மாதான்க்கா."

"நீ சும்மா வர்ற ஆளா? உக்காரு. ஊசி கிடக்கும், பாத்து உக்காரு."

அமர்ந்தேன். எதிர்ப் பக்கத்தில் அவளும் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்துதான் அமர்ந்திருந்தாள். கூடத்துக் கொடியில் துண்டுகள் தடிமனாகத் தொங்கின. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு புதிய படிவத்தை எடுத்து, அவள் வெட்டுமேசை மீது வைத்தேன். அதை என் பெயரில் நானே நிரப்பி வைத்திருந்தேன். ஒன்பதாம் கட்டத்தில் 'ஆம். தாய், தமக்கை' என்று எழுதியிருந்தேன்.

அக்கா சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசித்தாள். நோயின் பெயர், எவ்வளவு காலமாக, எத்தனை முறை. விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். ஒன்பதில் விரல் நின்றது.

"அம்மாவுக்குமா?"

"அலமாரியில மருந்து இருந்துச்சுக்கா. அன்னைக்கு நீ கேட்ட சத்தம் அந்த டப்பாதான்."

"உனக்கு எப்ப இருந்து?"

"இருபத்தோரு வயசுல இருந்து."

அவள் மனத்துக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது.

"அப்ப, எங்க மாமியார் உன் ஜன்னல்ல வந்து கேட்டாங்களே. அன்னைக்கு?"

"இருந்துச்சுக்கா."

"இருந்துக்கிட்டே இல்லைன்னியா?"

"கல்யாணத்துக்கு மூணு வாரம்..."

"அதைக் கேக்கல. இருந்துக்கிட்டே இல்லைன்னியா?"

"ஆமாக்கா."

அக்கா தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பி, பாதியில் நின்றிருந்த ஒரு சட்டைக் கையைத் தைக்கத் தொடங்கினாள். நேராகத்தான் தைத்தாள். முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"அவரு அழுதாருடி. தரையில உக்காந்துக்கிட்டு, நான் எவகிட்டயும் போகலைன்னு அழுதாரு. எங்க வீட்ல யாருக்கும் இல்லை, என் தங்கச்சி ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்லயே பாத்துச் சொல்லிட்டா, அப்ப நீங்கதான்னு நான் சொன்னேன். உன் பேரைச் சொல்லித்தான் அந்த மனுஷனை அடிச்சேன்."

இதை நான் அறிந்திருக்கவில்லை. என் ஒரு தட்டு அந்த வீட்டில் சாட்சியாக நின்றிருக்கிறது.

"மன்னிச்சிடுக்கா," என்றேன்.

"நீ எப்பவும் மரியாதையாத்தான் பேசுவ," என்றாள் அக்கா. "டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பாங்க?"

மறுநாள் காலை அவளை அழைத்துச் சென்றேன். பேருந்தில் வேறு இருக்கையில் அமர்ந்துகொண்டாள். டாக்டரம்மா பரிசோதித்து, சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்து, வாரம் ஒரு மாத்திரை வீதம் ஆறு மாதத்திற்கு எங்கள் இருவருக்கும் எழுதிக் கொடுத்தார். அம்மாவைப் போலவே அக்காவும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவிவந்தாள்; அதை அன்றோடு நிறுத்தச் சொன்னார். அதுவே புண்ணை மோசமாக்கும் என்றார். முழுதாகப் போய்விடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், சிலருக்குத் திரும்பவும் வரும், வந்தால் உடனே வாருங்கள் என்றார். பின்பு என்னிடம் சொன்னவற்றையே அக்காவிடமும் சொன்னார். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, பள்ளிக் குழந்தையைப் போல் கையை மடிமேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நான் எதுவும் பண்ணலையா டாக்டர்?"

"நீங்க எதுவும் பண்ணலம்மா."

"அவரும் பண்ணலையா?"

"இதுக்கு யாரும் எதுவும் பண்ணியிருக்க வேண்டியதே இல்லை."

"இதை ஒரு காகிதத்துல எழுதிக் குடுப்பீங்களா?"

டாக்டரம்மா எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தார். அதை யாரிடம் காட்டப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அக்காவின் மாமியார் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அத்தான் வேறு ஊரில், வேறொருத்தியோடு, இரண்டு குழந்தைகளோடு இருக்கிறார். அக்கா காகிதத்தை நான்காக மடித்து, இரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். இருவரிடமும் இரத்தம் எடுத்தார்கள். ஒரே தாங்கியில் இரண்டு குப்பிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

வாசலில் அவளிடம் சொன்னேன்: "வீட்டுக்கு வந்துட்டுப் போயேன்க்கா. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"மாத்திரை வாங்க மாசாமாசம் வருவேன். உன் கவுண்டர் வழியாத்தான் போகணும், போவேன். வீட்டுக்குக் கூப்பிடாத. என்னால வேண்டாம்னு சொல்லவும் முடியாது, வரவும் முடியாது."

அவள் சொன்னபடியே மாதம் ஒருமுறை வந்தாள். கம்பிக்கு அடியில் படிவத்தை நீட்டுவாள். நான் ரசீது கொடுப்பேன். மூன்றாம் மாதம், "இப்ப நேரா உக்கார முடியுதா?" என்று மெல்லக் கேட்டேன். "முடியுது. உனக்கு?" என்றாள். "முடியுதுக்கா," என்றேன். அவ்வளவுதான். பின்னால் வரிசை நின்றிருந்தது.

நான் இப்போது வெறுமையாக வரும் ஒன்பதாம் கட்டத்திற்கு 'இல்லை' போடுவதில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கிட்டே வரச் சொல்லி, தாழ்ந்த குரலில் கேட்கிறேன். தெரியாது என்றால் 'தெரியவில்லை' என்று அழுத்தி நான்கு வரியையும் நிரப்புகிறேன். "இந்த வேகத்துல போனா நீ ரிட்டையர் ஆகறதுக்குள்ள இன்னைக்குப் படிவத்தை முடிச்சிடுவ," என்கிறார் முத்திரை சார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழையவற்றைத் திருத்த முடியுமா என்று கணினிப் பிரிவில் விசாரித்தேன். யார் சொன்ன 'இல்லை', யார் தட்டிய 'இல்லை' என்று இனிப் பிரித்தறிய இயலாது என்று கூறிவிட்டார்கள்.

ஆகவே இழந்தவை இவ்வளவு. என் பதிவு எண்ணின் கீழ், இளநீலப் பட்டைக் கோப்புகளில் மட்டும் நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு விடைகள். அக்காவின் இருபத்தெட்டாம் வயது முதல் நாற்பதாம் வயது வரை, மருந்தில்லாத பன்னிரண்டு ஆண்டுகள். அழுதபோது நம்பப்படாத ஒரு மனிதர். கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடிய அம்மா. ஏழு களிம்புக் குழாய்கள். ஒரு தமக்கை.